கொட்டைக்குள் அடைத்த இருட்டு

ஆதியில் உலகத்தில் இரவே கிடையாதாம். எப்போதும் பகல்தானாம். இரவு ஆற்றின் அடியில் உறங்கிக் கிடந்ததாம். அப்போது பெரும் பாம்பின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. புருஷன் படுக்கைக்கு அழைத்தான். "இன்னும் இரவு வரவில்லையே! அது என் தகப்பனாரிடம் அல்லவா இருக்கிறது?" என்றாள் அவள். உடனே மூன்று வேலைக்காரர்கள் படகேறிப் போனார்கள். பெரும் பாம்பு ஒரு பனங்கொட்டையைக் கொடுத்தது. அதன் வாயைக் குங்கிலியம் வைத்து அடைத்திருந்தது. "வழியில் திறந்தீர்களோ, எல்லாம் பாழ்!" என்று எச்சரித்தும் அனுப்பியது. படகு திரும்பி வரும்போது கொட்டைக்குள்ளிருந்து சில்வண்டின் ரீங்காரமும் தவளையின் சத்தமும் கேட்டன. ஆவல் யாரை விட்டது? நெருப்பு மூட்டிக் குங்கிலியத்தை உருக்கினார்கள். அவ்வளவுதான், உலகம் முழுவதையும் இருட்டு கவ்விக்கொண்டது.

இது அமேஸான் காட்டுக் கதை. பிரேஸில் தேசத்தில் மாகாணத் தலைவராக இருந்த கோட்டோ டி மகல்யாய்ஸ் என்பவர், ஆதிகுடிகளின் வாய்மொழியிலிருந்து சேகரித்து, 1876-ம் வருஷத்தில் புத்தகமாகப் பதிப்பித்தார். கதை பிழைத்தது. ஆனால் அதைச் சொன்ன கிழவன் யார், எந்த ஆற்றங்கரையில், யாருடைய பேரக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான் என்பதையெல்லாம் யார் கேட்டார்கள்? புத்தகம் பட்டணத்தில் படிக்கப்பட்டது. குழந்தைகள் காட்டில் இருந்தார்கள்.

பிறகு சினிமா வந்தது. ரியோ நகரத்தில் அனேலியோ லாத்தினி என்ற இளைஞர் ஒருவர், காட்டுக் கதைகளைக் கார்ட்டூன் படமாக்கியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார். திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு 24 பிம்பங்கள் வேண்டும் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். உருவம் கையைத் தூக்குவதற்குள் வரைகிறவனுக்குக் கை ஓய்ந்துவிடும். அப்படிப்பட்ட வேலையை அநேகமாகத் தனி ஒருவராக, சுமார் ஐந்து வருஷ காலம் செய்தார் அவர். ஐந்து லட்சம் சித்திரங்கள் வரைந்தார் என்று சொல்கிறார்கள். 1953-ல் 'ஸின்ஃபோனியா அமஸோனிகா' என்ற அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் வெளியாயிற்று. பிரேஸிலின் முதல் முழு நீளக் கார்ட்டூன் படம் அதுதான். காட்டுச் சிறுவன் ஒருவனைச் சரடாக வைத்து, பழங்கதைகளை அதில் மாலையாகக் கோத்திருந்தார்.

லாத்தினியின் தவத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு நாவலைத் தனியாக எழுதி முடிப்பதற்குள்ளேயே முதுகு ஒடிந்துபோகிறதே! ஆனாலும் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. படத்தில் காட்டுச் சிறுவன் இருந்தான். படம் எடுத்த இடத்தில் அவன் இருந்தானா? அவன் கதை, அவன் உருவம். கோடு மட்டும் வேறொருவர் போட்டது.

இந்தக் கேள்விக்குப் பதில் வர இன்னும் முப்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. 1986-ல் வின்சென்ட் காரெல்லி என்பவர், 'கிராமங்களில் வீடியோ' என்ற பொருள்படும் பெயரோடு ஒரு முயற்சியை ஆரம்பித்தார். யோசனை மிகவும் எளியது. ஆதிகுடிகளைப் படம் பிடிப்பது. பிடித்ததை அவர்களுக்கே உடனே போட்டுக் காட்டுவது. 1987-ல் நம்பிக்வாரா ஜனங்களின் ஊரில் ஒரு பெண்ணின் பூப்புச் சடங்கைப் படம் பிடித்துக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்குத் திருப்தி இல்லை. "இதென்ன, சடங்கில் இத்தனை சட்டை துணிகளா?" என்று தங்கள்மேலேயே குறைபட்டுக்கொண்டார்கள். உடம்பு நிறையச் சாயம் பூசி, முறைப்படி மறுபடியும் நடத்தினார்கள். அதோடு நிற்கவில்லை. இருபது வருஷங்களுக்கு மேலாகக் கைவிட்டிருந்த ஒரு வழக்கம், பையன்களுக்கு உதடும் மூக்கும் குத்துவது. அதையும் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். கண்ணாடியில் முகம் பார்த்தவர்கள் தலையை வாரிக்கொள்வது போல் நடந்தது அது.

அதன் பிறகு காமிரா ஆதிகுடிகளின் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஷிங்கு நதிப் பிரதேசத்தில் இக்பெங் என்ற ஒரு சிறு குடி இருக்கிறது. வெளியுலகம் அவர்களை எட்டியதே 1964-ல்தான். அந்தக் குடியின் இளைஞர்கள் 2001-ல் ஒரு படம் எடுத்தார்கள். நான்கு குழந்தைகள் நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போகாத குறையாக, தங்கள் வீடு, விளையாட்டு, ஊர்ச் சடங்கு எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். கியூபா நாட்டு மலைப்பிரதேசத்துக் குழந்தைகள் ஒரு வீடியோக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பதில் கடிதம் இது! முப்பத்தேழு வருஷத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள், பாருங்கள்.

ஆனால் காமிரா கண்ணுக்கு எதிரே இருப்பதைத்தான் பிடிக்கும். இல்லாமற்போனதை அது எப்படிப் பிடிக்கும்? இங்கேதான் சித்திரப் படம் தேவைப்படுகிறது. மஷகாலி ஜனங்களின் கதையைச் சொன்னால் இது விளங்கும்.

மஷகாலிகள் பிரேஸிலின் கிழக்குப் பகுதியில், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் வசிக்கிறார்கள். தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். அட்லாண்டிக் கரையை ஒட்டி ஒரு காலத்தில் பெரும் மழைக்காடு இருந்ததே, அந்தக் காட்டின் மக்கள் அவர்கள். காடு போய்விட்டது. மரத்தை வெட்டினார்கள், மாட்டுப் பண்ணைக்காரர்கள் கினியாப்புல்லை விதைத்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல் அது. இன்று அவர்கள் குன்றுகளில் ஆளுயரத்துக்கு அந்தப் புல்தான் நிற்கிறது. மழையில்லாத காலத்தில் பற்றி எரிகிறது. ஆனால் மொழி போகவில்லை. வீட்டிலும் சடங்கிலும் மஷகாலி மொழிதான். அவர்களுடைய சடங்குப் பாட்டுக்களில், அந்த நிலத்தில் இன்று பார்க்கவே முடியாத மிருகங்கள், பறவைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பாடுகிற குழந்தை அந்த மிருகத்தைக் கண்டதில்லை. தகப்பனும் கண்டிருக்க மாட்டான். பெயர் மட்டும் நாக்கில் உயிரோடு இருக்கிறது.

லடாயின்யா என்ற ஊர்ப்பக்கத்தில் 'பச்சைக் கிராமம்' என்ற மஷகாலிக் குடியிருப்பு இருந்தது. அங்கே ஒரு பட்டறை நடத்திக் காகிதமும் வண்ணமும் கொடுத்தார்கள். ஊரார் வரைந்தார்கள். அந்தச் சித்திரங்களையே அசைய வைத்து 2016-ல் ஒரு படம் வந்தது. 'கொனாங்செகா' என்று பெயர். 'பெரிய தண்ணீர்' என்று அர்த்தம். மனிதர்களின் சுயநலத்தையும் பேராசையையும் கண்டு ஆவிகள் அனுப்பிய பிரளயத்தின் கதை. சார்ல்ஸ் பிகால்யோவுடன் சேர்ந்து இதை டைரக்ட் செய்தவர் இஸாயெல் மஷகாலி. அந்தக் குடியிலேயே பிறந்தவர். படத்தில் பேசுவது மஷகாலி மொழி. மற்றவர்களுக்குத்தான் கீழே எழுத்து ஓடுகிறது! இத்தனை காலம் அந்தக் குழந்தைகள் பிறர் பாஷையைப் புரிந்துகொள்ளப் பாடுபட்டார்கள். ஒரு பதின்மூன்று நிமிஷமாவது நாம் பாடுபட்டால் என்ன?

2019-ல் அதே ஊர்ச் சித்திரங்களோடு இன்னொரு படம் வந்தது: 'மாதானாங்'. பாம்பு கடித்து இறந்த கணவனின் ஆவியைப் பின்தொடர்ந்து இறந்தவர்களின் ஊருக்கே போகிறாள் ஒருத்தி. நமக்குச் சாவித்திரி ஞாபகம் வரும். ஆனால் இவளிடம் வாதாட எமன் இல்லை, வரமும் இல்லை. அவள் உயிரோடு இருப்பவள், ஆகையால் உயிரோடு இருப்பவர்களிடம் திரும்பியே ஆக வேண்டும். அந்த ஊரின் நியாயம் வேறு. இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, துக்கத்துக்கு மனிதன் எத்தனை விதமாக வழி தேடியிருக்கிறான் என்று வியப்பு உண்டாகிறது.

கதை எழுதிப் பிழைக்கிறவன் ஆனதால் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. பாட்டி சொல்லும் கதை நாளுக்கு ஒரு விதமாக இருக்கும். தூக்கம் வந்தால் சுருங்கும். பேரன் கேள்வி கேட்டால் நீளும். படம் என்று ஆகிவிட்டால் ஒரே விதந்தானே? அடுத்த தலைமுறை அதுதான் கதை என்று நம்பிவிடாதா? இந்தப் பயம் நியாயமானது. ஆனால் மஷகாலிகள் அதற்கும் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். சித்திரப் படங்களுக்கு முன்பே, 2007-ல், இஸாயெல் தம் ஊர்ச் சடங்கு ஒன்றைக் காமிராவில் எடுத்திருந்தார். அதைப் பார்த்த இன்னோர் ஊரார் சும்மா இருக்கவில்லை. தங்கள் ஊரில் நடப்பது போல் தாங்களும் ஒரு படத்தை எடுத்து 2009-ல் முடித்தார்கள். கருவி அவரவர் கையில் இருந்தால் கதை கல்லாக உறைந்துபோவதில்லை. "எங்கள் பாட்டி இப்படிச் சொல்லவில்லையே!" என்று சண்டை போட ஆள் இருக்கிறவரையில் கதைக்கு ஆயுசு கெட்டி.

லாத்தினி வரைந்த ஐந்து லட்சம் சித்திரங்களுக்கும், இந்த ஊரார் வரைந்த காகிதங்களுக்கும் உள்ள வித்தியாசம் கலைத் திறமையில் இல்லை. அவர் கைதேர்ந்தவர். ஆனால் அவர் வரைந்த காடு பார்த்துவிட்டு எழுந்து போகிற காடு. இவர்கள் வரைந்தது இழந்த காடு; பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டி வைக்க வேண்டிய காடு. பாட்டில் பெயராக மட்டும் இருந்த மிருகத்துக்குக் காகிதத்தில் நாலு காலும் வாலும் முளைத்தால், அந்தக் குழந்தை ஒரு நாள், "இது ஏன் இப்போது இங்கே இல்லை?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பிரயாசையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி காகிதத்தோடு நிற்கவும் இல்லை. 2021-ல் இஸாயெலும் அவர் மனைவி ஸுவேலியும் ஊராரை அழைத்துக்கொண்டு, தெயோஃபிலோ ஓத்தோனி நகருக்கு அருகே வேறு நிலத்தில் போய்க் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்புக்கு அவர்கள் வைத்த பெயர், 'ஊர் – பள்ளி – காடு.' புல் மண்டிய பூமியில் மீண்டும் மரம் வளர்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. மரம் வளர்வதற்கு நாளாகும். அதுவரையில் பிள்ளைகளுக்குச் சித்திரமும் பாட்டும் இருக்கின்றன.