உதவி: சிக் சாக்லேட்

சிக் சாக்லேட்டை ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்ததாக நினைக்கிறார்கள். பட்டம் கொடுப்பது நம்மிடையே விமர்சனத்துக்குப் பதிலாகச் செய்யப்படும் காரியம். அன்டோனியோ சேவியர் வாஸ் என்ற இயற்பெயருடன் 1916இல் கோவாவின் அல்டோனா கிராமத்தில் பிறந்தவர், 1967இல் இறந்தார். ட்ரம்பெட்காரர். ஆம்ஸ்ட்ராங்கின் பாணியை, மேடைத் தோரணை உட்பட, விரும்பியே வரித்துக்கொண்டவர். அதனால் நகல் என்று தள்ளிவிடுவதும் சுலபமாகிவிட்டது.

1935இல் லியான் அப்பி என்ற கறுப்பு அமெரிக்கர் தம் குழுவோடு பம்பாய் தாஜ் மகால் ஹோட்டலில் வாசிக்க வந்தார். பின்னால் பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்ட். இவர்களிடமிருந்து கோவாக்காரர்கள் ஜாஸைப் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்க முடிந்ததற்குக் காரணம் போர்த்துகீசிய ஆட்சியின் மாதாகோவில் பள்ளிகள். வழிபாட்டு இசைக்காகச் சிறுவர்களுக்கு வயலினும் மேற்கத்திய ஸ்வரக் குறிப்பும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1940களில் சிக் சாக்லேட் சொந்தக் குழுவுடன் தாஜில் வாசித்தார்.

அது இரவு வேலை. பகலில் சினிமா ஸ்டுடியோ. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். முன்னிசை, இடையிசை, எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதையெல்லாம் காகிதத்தில் எழுதுகிறவர் அரேஞ்சர். பெரும்பாலும் கோவாக்காரர். சிக் சாக்லேட் இதை சி. ராமச்சந்திராவுக்குச் செய்தார், மதன் மோகனுக்கும் செய்தார். டைட்டிலில் ‘உதவி’ என்று வரும். 1951இல் ‘நாதான்’ படத்துக்குத் தாமே இசையமைத்தார். அப்படி அமைந்த படங்கள் சொற்பம்.

ஜாஸுக்கு மனோதர்மம்தான் உயிர். இரவில் எழுதி வைத்ததை மீறி வாசித்துப் பெயர் வாங்கிய மனிதர், பகலில் மற்றவர்கள் இம்மியும் மீறாதிருக்க எழுதிக் கொடுத்தார், பெயரில்லாமல். இந்த இரண்டாவது வேலையில்தான் அவருடைய சிருஷ்டி அதிகம் என்று எனக்குப் படுகிறது. அதே 1951இல் வந்த ‘அல்பேலா’வில் ஒரு நடனப் பாட்டில் குழுவோடு திரையிலும் தோன்றுகிறார், சுருக்கு வைத்துத் தைத்த சட்டையில். பார்ப்பவனுக்கு அவர் ஒரு அலங்காரம். காதுக்கு அப்படியல்ல. பாடகர் மூச்சு விடும் இடைவெளிகளில் ட்ரம்பெட் புகுந்து பதில் பேசுகிறது. அந்தப் பதிலை எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும்.

ராமச்சந்திரா நமக்கு அந்நியரல்ல. 1958இல் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ அவர் இசை. பத்மினி–வைஜயந்திமாலா போட்டி நடனத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. அதன் வாத்தியப் பகுதிகளைக் காகிதத்தில் எழுதியது யாரென்று கேட்டவரை நான் சந்தித்ததில்லை. நமது சங்கீத விமர்சனம் சபா வாசலைத் தாண்டாததும் ஒரு காரணம்.

நான் இருக்கும் விருத்தாசலத்தில் பீங்கான் சாமான்கள் செய்கிறார்கள். எதிலும் செய்தவன் பெயர் இராது. அச்சு எடுத்தவன், மெருகு பூசியவன், சூளைக்காரன் எல்லோருமே அநாமதேயம். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. சினிமாவில் ஒரு பெயர் மட்டும் போடுவார்கள். ராமச்சந்திராவின் மெட்டுகள் அவருடையவைதான், அதில் தகராறு இல்லை. ஆனால் நம் காதில் விழுவது மெட்டு மட்டுமா?