ஆத்தூர்: மழையும் நீரும்

ஆத்தூர், சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் வசிஷ்ட நதிக்கரையில் அமைந்த நகரம். ஆற்றூர் என்பதே பேச்சில் ஆத்தூர் ஆயிற்று. இந்தப் பெயரில் தமிழ்நாட்டில் வேறு ஊர்களும் உண்டு. தாமிரபரணிக் கரையில் ஒன்று, திண்டுக்கல் பக்கம் ஒன்று. சேலத்து ஆத்தூரின் நிலை மட்டும் தனி. ஆற்றைப் பெயரிலேயே சுமக்கும் இந்த ஊரின் குழாய்களில் இன்று வருவது மேட்டூர்க் காவிரி. சொந்த ஆறு ஊருக்குள்ளேயே கிடக்க, நூறு கிலோமீட்டர் அளவு தள்ளியிருக்கும் இன்னோர் ஆற்றின் நீர் மேடேறிக் குழாயில் வந்து குடத்தை நிரப்புகிறது. இந்த நிலைக்கு ஊர் எப்படி வந்தது என்பதுதான் ஆத்தூரின் நீர்வரலாறு.

நிலமும் மழையும்

வடக்கே கல்வராயன் மலையும் அருநூற்றுமலையும், தெற்கே பச்சைமலையும் கொல்லிமலையும் நிற்க, நடுவே கிழக்கு நோக்கிச் சரியும் நீண்ட பள்ளத்தாக்கில் ஆத்தூர் இருக்கிறது. மைசூர்ப் போர்க் காலத்தில் ஆத்தூர்க் கணவாய் என்று படைகள் தேடிய வழி இதுவே. மேட்டுநிலத்திலிருந்து சோழமண்டலக் கரைக்கு இறங்கும் பாதை. மனிதர் போன வழியிலேயே நீரும் போகிறது. சேலம் நகரின் திருமணிமுத்தாறும் ஓமலூர்ப் பக்கத்துச் சரபங்காவும் காவிரிக்குப் போகின்றன. சேலத்தைத் தாண்டிக் கிழக்கே வந்தால் நீரின் திசை மாறிவிடுகிறது. ஆத்தூரில் விழும் மழை வெள்ளாற்றுக்கு உரியது.

இந்த வட்டாரத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆண்டு மழை ஏறக்குறைய 900 முதல் 1000 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவத்தின் பிற்பகுதியும் வடகிழக்குப் பருவத்தின் முற்பகுதியும், அதாவது ஆவணி முதல் ஐப்பசி வரையான காலம், இங்கே நம்பிக்கைக்குரிய மழைக்காலம். சித்திரை வைகாசியில் பகலெல்லாம் வெக்கை ஏறி, மாலையில் மலைப்பக்கம் கறுத்து, இடியோடு இறங்கும் கோடைமழை வேறு. அது அடித்தால் கோடை உழவு. அடிக்காவிட்டால் நிலம் வெடித்தே கிடக்கும்.

மழையை மில்லிமீட்டரில் அளப்பதற்கு முன்பே உழவர்களிடம் ஓர் அளவு இருந்தது. நிலம் ஒரு முறை ஏர் பிடிக்கும் அளவுக்கு நனைந்தால் அது ‘ஒரு உழவு மழை’. இன்றும் பெரியவர்கள் பக்கத்து ஊர்க்காரரைப் பார்த்தால், ‘உங்க பக்கம் எத்தனை உழவு மழை?’ என்றுதான் கேட்பார்கள். வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதை மழைமானி சொல்லும். மண் எவ்வளவு குடித்தது என்பதை இந்தப் பழைய அளவு சொல்லும். ஓடிப்போகும் நீரைக் கணக்கில் சேர்க்காத இந்த முறையே உழவுக்கு நேர்மையான அளவு என்பது என் எண்ணம்.

ஆறும் ஐந்து தலங்களும்

வசிஷ்ட நதி வடக்கு மலைகளில் பிறந்து, பேளூர், ஏத்தாப்பூர், பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் வழியாகக் கிழக்கே போகிறது. தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் வழியே வரும் சுவேத நதி இதனுடன் கூடிய பிறகு வெள்ளாறு என்று பெயர். தொழுதூர் அணைக்கட்டில் இந்த நீர் திருப்பப்பட்டு, 1913க்கும் 1923க்கும் இடையில் கட்டப்பட்ட வெலிங்டன் ஏரிக்குப் போகிறது. எஞ்சியது சேத்தியாத்தோப்பைக் கடந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. ஆத்தூரில் சேரும் அழுக்கும் ஆத்தூரில் பெய்யும் மழையும் கடலூர் மாவட்டத்து வயல்களோடு தொடர்புடையவை என்பதை இங்கே ஒரு முறை சொல்லிவைப்பது நல்லது.

இந்த ஆற்றின் கரையில் ஐந்து சிவன் கோயில்களைப் பஞ்சபூதத் தலங்களாகக் கொண்டாடுவது வட்டார வழக்கு. பேளூர்த் தான்தோன்றீசுவரர் நிலம், ஏத்தாப்பூர்ச் சாம்பமூர்த்தீசுவரர் நீர், ஆத்தூர்க் காயநிர்மலேசுவரர் தீ, ஆறகளூர்க் காமநாதீசுவரர் காற்று, கூகையூர்ச் சுவர்ணபுரீசுவரர் ஆகாயம். வசிஷ்ட முனிவர் வழிபட்ட தலங்கள் என்று புராணக் கதை சொல்லும். ஆற்றின் பெயரும் அப்படி வந்ததே. ஆற்றோட்டத்தின் வரிசையிலேயே இந்த ஐந்தும் அமைந்திருக்கின்றன. மேலே மண்ணில் தொடங்கி, நீர், நெருப்பு, காற்று என்று இறங்கி, கடைசியில் ஆகாயத்தில் முடிகிறது. ஆற்றை முழுநீளமாக ஒரே பொருளாக நினைத்துப் பார்த்தவர்கள்தான் இப்படி வகுத்திருக்க முடியும். இன்று ஒரு மாவட்டத்தின் ஆறு, அடுத்த மாவட்டத்தின் ஆறு என்று துண்டு துண்டாகப் பார்க்கும் நமக்கு அந்தப் பார்வை இல்லை.

ஆறகளூர் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகரம். பெயருக்கு இரண்டு விளக்கம் தருவார்கள்: ஆறும் அகழியும் சேர்ந்த ஊர் என்று ஒன்று, ஆறு அகழிகள் சூழ்ந்த ஊர் என்று மற்றொன்று. எப்படிப் பார்த்தாலும் நீர்தான் அந்தத் தலைநகரின் அரண். ஆத்தூர்க் கோட்டையும் அப்படியே ஆற்றை ஒட்டி எழுந்தது. அதைக் கட்டியவர்கள் கெட்டி முதலிகள் என்ற பாளையக்காரர்கள் என்பது பெருவழக்கு. 1768இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இதைக் கைப்பற்றியது.

ஏரியும் கோடியும்

ஆண்டில் சில மாதம் மட்டுமே ஓடும் ஆற்றை நம்பி ஆண்டு முழுவதும் வாழ ஏரி வேண்டும். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரித்து ஏரிக்குக் கொண்டுபோவது, ஏரி நிரம்பியதும் கோடி என்னும் உபரிநீர்ப் போக்கி வழியாக அடுத்த ஏரிக்கு விடுவது, கடைசி ஏரியின் உபரி மறுபடியும் ஆற்றுக்கே திரும்புவது என்பது இந்தப் பள்ளத்தாக்கின் பழைய ஏற்பாடு. ‘ஏரி கோடி போகுது’ என்பது இங்கே வெறும் செய்தி அல்ல. ஊரே கரைக்கு ஓடும். வரும் தண்ணீரில் மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிடுவார்கள். பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவார்கள். பல ஆண்டு வறண்ட ஏரி நிரம்பும்போது வயதானவர்கள் கண் கலங்கி நிற்பதைக் கரையில் பார்க்கலாம்.

மழை வராத ஆண்டுகளுக்கும் சடங்குகள் உண்டு. பெண்கள் வீடு வீடாகச் சென்று சோறு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, காய்ந்த ஏரிக்குள் உட்கார்ந்து உண்பது மழைச்சோறு. எந்த வீட்டுச் சோறு யார் வாயில் போகிறது என்று தெரியாதபடி கலந்துவிடுவதுதான் அதன் உட்பொருள் என்று எனக்குத் தோன்றும். சாதி பார்த்துத் தண்ணீர் மொண்ட நாட்டில் அது சிறிய காரியம் இல்லை. கொடும்பாவி கட்டி, ஒப்பாரி வைத்து, தெருத்தெருவாக இழுத்துப்போய் எரிப்பது மற்றொன்று. விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது பாரதம் படிக்கும் ஊர்களின் நம்பிக்கை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும், ஆடிப் பதினெட்டில் முளைப்பாரியை நீரில் விடுவதும் இன்றும் நிற்கவில்லை.

கல்வராயன் மலையில் பெய்யும் மழையைப் பிடிக்க இரண்டு சிறிய அணைகள் இருக்கின்றன. புழுதிக்குட்டையில் வசிஷ்ட நதியின் குறுக்கே ஆனைமடுவு அணை, உயரம் 67 அடி, கொள்ளளவு 267 மில்லியன் கன அடி. பாப்பநாயக்கன்பட்டியில் கரியகோவில் அணை, உயரம் சுமார் 52 அடி, கொள்ளளவு 190 மில்லியன் கன அடி. முதலாவதற்குச் சுமார் 5,000 ஏக்கர், இரண்டாவதற்குச் சுமார் 3,600 ஏக்கர் பாசனம். இரண்டையும் சேர்த்தாலும் அரை டி.எம்.சி. தேறாது. மேட்டூர் அணை இவற்றைப் போல இருநூறு மடங்கு நீர் கொள்ளும். ஆத்தூர்ப் பக்கத்துத் தண்ணீரின் அளவு எவ்வளவு சிறியது, எவ்வளவு கவனமாகச் செலவிடவேண்டியது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

கிணறு, மின்சாரம், போர்வெல்

சேலம், நாமக்கல் நிலம் கடும்பாறை நிலம். ஆற்றுப் படுகை நீங்கலாக மற்ற இடங்களில் நீர் இருப்பது பாறையின் வெடிப்புகளில். ஆகவே கிணறு வெட்டுவது என்றால் மண்ணைத் தோண்டிய பிறகு வெடி வைத்துப் பாறையைப் பிளப்பது. ஊற்றுக்கண் திறக்கும்வரை அந்தக் குடும்பத்துக்குத் தூக்கம் இராது. அந்தக் கிணற்றிலிருந்து கவலை இறைத்தார்கள்: சரிவில் இறங்கும் இரண்டு மாடுகள், கயிறு, இரும்புச் சால், அதன் அடியில் தோல் தும்பி. ஒரு நாளில் மாடு இறைக்கும் அளவுதான் எடுக்க முடியும். மறுநாள் காலைக்குள் கிணறு மீண்டும் ஊறிவிடும். மாட்டின் களைப்பே நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது.

எண்ணெய் எஞ்சினும் மின்மோட்டாரும் வந்ததும் அந்தக் காவல் போயிற்று. மின்சாரம்தான் இனி தண்ணீர் என்றான பிறகு அதன் விலை உயிர்ப் பிரச்சினை ஆனது. 1972 ஜூலையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் தமிழ்நாடு முழுவதும் போராடினார்கள். ஆத்தூரை அடுத்த பெத்தநாயக்கன்பாளையத்தில் காவல்துறை துப்பாக்கியால் சுட, உழவர்கள் உயிரிழந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் வளர்ந்த அந்த இயக்கத்தின் நினைவில் ஜூலை 5 இன்றும் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1990ஆம் ஆண்டையொட்டி எல்லா உழவர்களுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அது நியாயமான வெற்றி. ஆனால் அதற்குப் பின் நிலத்தடி நீரை அளந்து எடுக்கும் எந்த ஏற்பாட்டையும் அரசோ ஊரோ செய்துகொள்ளவில்லை.

போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் தலைநகரம் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு. அங்கிருந்து வண்டிகள் இந்தியா முழுவதும் போகின்றன. பாறை நிலத்தின் தாகம் பெற்றெடுத்த தொழில் அது. ஆத்தூர்ப் பக்கத்தில் நூறு, இருநூறு அடியில் கிடைத்த நீர் இன்று ஆயிரம் அடியில்கூட நிச்சயமில்லை. வெட்டிய கிணறுகள் பல வறண்ட குழிகளாகக் கிடக்கின்றன.

பாக்கும் குச்சிக்கிழங்கும்

பேளூர் முதல் ஆத்தூர் வரை ஆற்றோரம் பாக்குத் தோப்புகள். வேரில் ஈரம் காயக்கூடாத மரம் பாக்கு. ஆறு எங்கே ஈரமாக இருந்தது என்பதை வரைபடம் பார்க்காமல் பாக்குத் தோப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்த 2016 போன்ற ஆண்டுகளை அந்த மரத்தால் தாங்க முடிவதில்லை. தமிழ்நாட்டில் 140 ஆண்டுகளில் காணாத பருவமழைத் தோல்வி என்று அந்த ஆண்டைச் சொன்னார்கள்.

மானாவாரியிலும் தாக்குப்பிடிக்கும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இந்த வட்டாரத்தின் மறுபக்கம். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார் என்பது இத்தொழிலின் வரலாறு. 1981இல் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நீர்த்தலமான ஏத்தாப்பூரில்தான் இன்று மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வானத்தை நம்பும் பயிர்கள் இரண்டும். ஆனால் வயலில் குறைந்த நீரில் விளையும் கிழங்கு, சேகோ ஆலைக்குள் போனதும் ஏராளமாக நீர் கேட்கும். கழுவ, அரைக்க, மாவைத் தெளியவைக்க எல்லாமே தண்ணீர். சக்கையான திப்பி மாட்டுத்தீவனமாகிப் போய்விடும். மாவு கலந்த கழிவுநீர் புளித்து நாறி ஓடையில் இறங்கினால், பல ஊர்க் கிணறுகளின் நீர் வாயில் வைக்க முடியாததாகிவிடும். ஊர்ச் சாக்கடையும் சேர்ந்துகொள்ள, வசிஷ்ட நதி நகருக்குள் கறுத்து ஓடுகிறது.

நல்ல தண்ணி

ஆத்தூர் வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர். காவிரிக் குழாயில் வருவது நல்ல தண்ணி. போரில் வருவது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி வரும் நாளும் நேரமும் பார்த்துத்தான் பல வீடுகளில் அன்றைய வேலை அமையும். ஆற்றுத் தண்ணி என்ற மூன்றாவது பெயர் இளையவர்கள் பேச்சில் இல்லை.

ஆறு செத்துவிடவும் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் உள்நாட்டுக்கு நகர்ந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சேர்வராயன் மலையிலும் கனமழை பெய்தது. இப்படிப்பட்ட மழை ஒன்று கல்வராயனில் இறங்கினால் போதும், வசிஷ்ட நதி தன் பழைய அகலத்தைக் கேட்டு வரும். அந்த மழையைத் தேக்குவது வேறு கதை. 2003 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். வீட்டுக்கூரை நீருக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் மலையிலிருந்து ஏரிக்கு வரும் வாய்க்கால்கள் மனைகளாகவும் முள்ளுக்காடாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன.

ஆத்தூரில் இருப்பவர்கள் அடுத்த ஆடிக்குள் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் ஊர் ஏரிக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் வந்த வாய்க்கால் எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல், தலைமதகு முதல் ஏரி வரை அதன் வழியே ஒரு முறை நடந்து பாருங்கள்.