விடுபட்ட எண்: ராமானுஜனின் உயர் பகு எண் அட்டவணை குறித்து

67,46,32,83,88,800. லண்டன் கணிதக் கழக இதழில் 1915இல் ராமானுஜன் வெளியிட்ட உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரையின் அட்டவணை இந்த எண்ணோடு முடிகிறது. அந்த ஆய்வுக்காகவே 1916இல் அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி என்று நாம் வியப்பது வீண். இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுஎண்கள் கிடையாது. உயர் பகு எண்ணின் இலக்கணம் அதுதான்.

சிறுவயதில் ராமானுஜன் சில காலம் காஞ்சிபுரத்தில் தாய்வழித் தாத்தா வீட்டில் இருந்தார். அவ்வூர்த் தறியில் இந்த இலக்கணத்தைக் கண்ணால் காணலாம். பூ நெய்யப் பாவு நூல்களைத் தூக்கும் ஜக்கார்டு கருவியில் 240 கொக்கி இருந்தால், 24 கொக்கி எடுக்கும் பூ பத்து முறை விழும்; 16 எடுத்தால் பதினைந்து முறை; 30 எடுத்தால் எட்டு. கொக்கியை 250 ஆக்கினால் அதே 24 கொக்கிப் பூ பத்து முறை விழுந்தபின் பத்துக் கொக்கி மிச்சம் நிற்கும். 250க்கு வகுஎண்கள் எட்டே, 240க்கு 20. ராமானுஜன் அட்டவணையில் 240 உண்டு. தறியிலிருந்து இக்கணிதம் பிறந்தது என்பது என் வாதமன்று. எண்ணைப் பருமனால் அன்றிப் பகுப்பால் மதிக்கும் பார்வை இரண்டுக்கும் பொது.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். விடுபட்ட இடத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும் என்பேன். அதற்கு முந்தைய உயர் பகு எண் 2,40,94,02,99,600, அடுத்தது 3,21,25,37,32,800. இரண்டிலும் 23 காரணியாக உண்டு, 7 ஒருமுறைதான் வருகிறது. இடையிலுள்ள இந்த எண்ணிலோ 23 இல்லை. 7 இருமுறை வருகிறது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுத்த எண்ணில் உள்ள 23ஐ நீக்கி, ஒரு 3ஐயும் ஒரு 7ஐயும் சேர்த்தால் இது கிடைக்கும். 23ஆல் பெருக்கினால் வகுஎண்கள் இரட்டிக்கும். 21ஆல் பெருக்கினால் 3இன் அடுக்கு மூன்றிலிருந்து நான்காகிறது, 7இன் அடுக்கு ஒன்றிலிருந்து இரண்டாகிறது, வகுஎண்கள் 1.875 மடங்காகின்றன. செலவு 23க்கு 21, வரவு 2க்கு 1.875. அடுத்த எண்ணுக்கு 5,376 வகுஎண்கள், இதற்கு 5,040. இவ்வளவு நெருக்கமான போட்டியில், அதுவும் கையால் போட்ட கணக்கில், தவறியது இந்த ஒன்றுதான். அட்டவணையிலோ நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் இருக்கின்றன.

பகாக் காரணிகளின் அடுக்குகள் 2இலிருந்து மேலே போகப்போக அதிகரிப்பதில்லை, 4, 36 நீங்கலாகக் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றே என்று ராமானுஜன் நிறுவியிருந்தார். விடுபட்ட எண் இரு விதிக்கும் முழுக்கப் பொருந்துகிறது. ஆகவே கோட்பாட்டில் ஓட்டையில்லை; விதிகள் சலித்துத் தந்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்ட கட்டத்திலேயே இது நழுவியிருக்க வேண்டும். விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் வருவது அட்டவணையின் கடைசி எண்: 5,040 இரட்டித்து 10,080.