ரத்தம் வழி வந்த காமாலை



சிங்கப்பூரில் ஜாலான் புசார் வட்டாரத்தில் கெலந்தான் லேன் என்றொரு சிறு தெரு உண்டு. உலகப்போருக்குப்பின் பால்வினை நோய்களுக்கென இயங்கிய மிடில் ரோடு மருத்துவமனை 1988-இல் மூடப்பட்டபோது, அதன் பணியை ஏற்ற கிளினிக் இத்தெருவுக்குத்தான் வந்தது. அப்படிப்பட்ட வாசலில் நுழைகிறவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே நுழைவார். ஊர் வாய் பொல்லாதது அல்லவா?

அந்தப் பழி, சேராத ஒரு நோயின் மேலும் சேர்ந்துவிட்டது. ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பதாக டாக்டர் சொன்னதும், "எங்கே போய் வாங்கி வந்தாய்?" என்ற கேள்வி வீட்டில் கிளம்பிவிடுகிறது. குடும்பம் உடையப் போதுமான கேள்வி அது. ஆனால் இக்கிருமியின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

1970-களில் அமெரிக்க மருத்துவர் ஹார்வி ஆல்டர், ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளை ஆராய்ந்தார். சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது. சோதித்தால் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. பல ஆண்டுகள் அந்நோய்க்குச் சொந்தப் பெயரே கிடையாது. 1989-இல்தான் மைக்கேல் ஹாட்டன் குழுவினர் கிருமியைக் கண்டறிந்தனர். அக்குழுவில் முக்கியப் பங்காற்றிய குய்-லிம் சூ சிங்கப்பூரில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. 2020-இல் ஆல்டர், ஹாட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சூவுக்கு அதில் பங்கில்லை. என் மனத்துக்கு அது ஒரு குறைதான்.

எகிப்து நாட்டைப் பாருங்கள். நம்மைப்போல் மண்ணில் உழைக்கும் குடியானவர்களுக்கு நத்தைவழிப் புழுநோய் தீர, 1980-களின் தொடக்கம்வரை ஊர் ஊராக ஊசி போட்டார்கள். சரிவரச் சுத்தம் செய்யாத கண்ணாடி ஊசிக்குழல்கள் ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்குக் கொண்டுபோயின. நல்லெண்ணத்தோடு செய்த வேலையே ஹெபடைடிஸ் சி-யைப் பரப்பிவிட்டது.

பழைய காலத்தோடு போகவில்லை. 2015-இல் சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் சிறுநீரக நோயாளிகள் 25 பேருக்கு இக்கிருமி தொற்றியது. விசாரணைக் குழு, தொற்றுத் தடுப்பு நடைமுறைகளில் இருந்த குறைகளையே சுட்டியது. கட்டிலில் படுத்திருந்தவர்களின் ஒழுக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அப்படியானால் கணவன் மனைவிக்கிடையே பரவவே பரவாதா? பரவலாம், ஆனால் மிக அரிது. அமெரிக்காவில், ஒருவருக்குக் கிருமியுள்ள 500 தம்பதியரை ஆராய்ந்து 2013-இல் முடிவு வெளியிட்டார்கள். ஏறத்தாழ 1,90,000 உறவுக்கு ஒரு தொற்று என்பதே அதிகபட்சக் கணக்கு. ரத்தம் கசியும்படியான உறவிலும், எச்.ஐ.வி. உள்ளவர்களிடத்தும், குறிப்பாக ஆணும் ஆணும் சேரும் உறவில், ஆபத்து கூடுகிறது. அங்கே ஆணுறை அவசியம்.

வீட்டில் பிரிக்கவேண்டியவை சவர பிளேடும் பல் துலக்கும் பிரஷும்தான். தட்டையும் பாயையும் பிரிக்கவேண்டாம். முலைக்காம்பில் வெடிப்போ ரத்தமோ இல்லையென்றால் தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

இன்னொன்று. இக்கிருமி இருபது, முப்பது ஆண்டுகள் அடையாளமே காட்டாமல் கல்லீரலில் தங்கக்கூடியது. இன்று தெரியவந்தது, கல்யாணத்துக்கு முன் போட்ட ஊசியிலோ, பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்திலோ வந்ததாக இருக்கலாம். தடுப்பூசி இல்லை, ஆனால் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்கு 95 பேருக்குமேல் குணமாகிறார்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போகலாம்.