உறுதி ஒரு ஊரில், வீடு ஒரு ஊரில்

“இது உங்கட சொந்த வீடா?” எண்டு யாராவது கேட்டால் எங்கட வீட்டில் மூன்று பதில் வரும். உம்மா “ஓம்” என்பா. உம்மம்மா “இது நாங்க இருக்கிற வீடு. எங்கட வீடு சோனகத் தெருவில” என்பா. நான் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு “உறுதி எங்க?” என்று கேட்பேன். அதோடு கதை நின்றுவிடும்.

வீடு இருப்பது புத்தளம் தில்லையடியில். பத்துப் பேர்ச் காணி, இரண்டு அறை, சீட் கூரை. உம்மம்மாவின் சோனகத் தெரு இருப்பது யாழ்ப்பாணத்தில். அங்கே காணியைப் பரப்புக் கணக்கில் சொல்லுவார்கள். பத்துப் பேர்ச் என்றால் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். முப்பது வருஷத்துக்கு மேல் புத்தளத்தில் இருந்தும் உம்மம்மா ஒரு நாளும் ‘பேர்ச்’ என்று சொன்னதில்லை. “ஒரு பரப்புக் காணிக்குள்ள எத்தனை பேரடா” என்றுதான் புலம்புவா.

இதை எழுதத் தூண்டியது லண்டனில் இருக்கும் என் மச்சான். அங்கே ஒரு ஃபிளாட் வாங்கினார். இங்கே இனிப்பெல்லாம் கொடுத்தோம். பிறகுதான் விளங்கியது, அவர் வாங்கியது 125 வருஷக் குத்தகை. நிலம் வேறொருவருக்குச் சொந்தம். இங்கிலாந்தில் ஃபிளாட்டுகள் பெரும்பாலும் அப்படித்தானாம். “அப்ப அது வாடகை வீடுதானே” என்றா உம்மம்மா. ஆனால் ஒரு விஷயத்தில் மச்சான் குடுத்து வைத்தவர். அங்கே உரிமையாளர் யார் என்பதை அரச பதிவேடே சொல்லிவிடும். பழைய உறுதிகளைக் கட்டிக் காக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே நிலமும் வீடும் சேர்த்து வாங்குவதுதான் வழமை, ஆனால் கவுண்டி அலுவலகத்தில் பதியப்படுவது பத்திரம் மட்டுமே. முன்னைய பத்திரங்களில் ஓட்டை இருந்தால் என்ன செய்வது என்ற பயத்துக்கு அங்கே தனியாக ஒரு காப்புறுதியே விற்கிறார்கள்.

நம்முடைய நாடு இந்த விஷயத்தில் அமெரிக்கா மாதிரி, காப்புறுதியைக் கழித்துவிட்டால். காணிப் பதிவகத்தில் பதிவாவது உறுதி, உரிமை அல்ல. பதிந்த உறுதி பொய்யாகவும் இருக்கலாம். அதனால்தான் காணி வாங்க முன்னர் சட்டத்தரணி பழைய ஏடுகளைப் புரட்டி, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தேடுகிறார். உரிமையையே பதிவதற்கான சட்டம் 1998இல் (21ஆம் இலக்கம்) வந்தது. ‘பிம் சவிய’ என்று 2007இல் வேலை தொடங்கினார்கள். இன்னும் நாட்டின் பெரும்பகுதிக்கு அது போய்ச் சேரவில்லை. எங்களைப் பிடித்து ஆண்டவர்கள் தங்கள் நாட்டில் ஒரு முறையையும் இங்கே இன்னொரு முறையையும் வைத்துவிட்டுப் போனதை நினைத்தால் கொஞ்சம் எரிச்சல் வரும். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் வீடு விற்றால் கட்டாயம் உரிமையைப் பதிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்த நாள் 1990 டிசம்பர் 1. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் எங்கட ஆட்கள் கையில் உறுதியோடோ உறுதி இல்லாமலோ தெருவில் நின்றார்கள்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 75,000 பேருக்குக் கிட்ட இருக்கும். ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் போகச் சொன்னார்கள். மன்னார்த் தீவு ஆட்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் வவுனியா வழியாக வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் நின்ற இடம் புத்தளம் மாவட்டக் கரை.

உம்மம்மாவின் வீடு அவவுக்கு அவவின் உம்மா சீதனமாக எழுதிக் கொடுத்தது. வடக்கிலும் கிழக்கிலும் எங்கட ஆட்களிடம் வீடு மகளுக்குப் போவதுதான் வழமை. மாப்பிள்ளை வந்து சேருவார். ஆகவே அந்த உறுதி வெறும் காணிக் கடதாசி இல்ல. அவ ஒரு மகள், அவவுக்கு ஒரு மகள் என்று போகிற வரிசை அதில் எழுதியிருக்கு. அந்த உறுதியைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தா. இன்றைக்கும் அது பொலித்தீன் பையில் இருக்கு.

ஆரம்பத்தில் புத்தளத்து மக்கள் பள்ளிவாசலிலும் பாடசாலைகளிலும் இடம் கொடுத்தார்கள், சோறு சமைத்துப் போட்டார்கள். இதை யாரும் மறக்கக் கூடாது. பிறகு தென்னங்காணிகளில் கிடுகுக் கொட்டில்கள். காணி யாரோ ஒருவருடையது. ஆலங்குடா, கரம்பை, நாகவில்லு என்று முகாம்கள் பரவின. மழைக்கு முன்னர் கிடுகு மாற்ற வேண்டும், காற்றுக்குப் பின்னர் மறுபடி கட்ட வேண்டும். வருஷங்கள் போகப் போக உள்ளூர் ஆட்களுக்கும் மனக்கசப்பு வந்தது. தண்ணி, வேலை, பிள்ளைகளுக்குப் பாடசாலை இடம், காணி விலை எல்லாமே நெருக்கடி. ‘அகதி’ என்ற சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் இந்த ஊரில் பிறந்தவள். எனக்கும் அந்தப் பெயர்தான்.

முடிந்தவர்கள் சின்னச் சின்னத் துண்டாகக் காணி வாங்கினார்கள். எங்கட வாப்பா வாங்கியது ஒரு பங்குக் காணியில். விற்றவரின் சகோதரர்கள் எல்லாரும் கையெழுத்து வைக்கவில்லை. கையில் இருந்தது ஒரு கடதாசி, முத்திரை மேல் ஒரு ஒப்பம். “அவசரத்துக்கு வாங்கினது, பிறகு பார்ப்பம்” என்றாராம். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

ஆனால் தயக்கம் காசில் மட்டும் இருக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். கல்வீடு கட்டினால் ‘இவர்கள் இனித் திரும்பிப் போக மாட்டார்கள்’ என்று அரசாங்கம் நினைக்கும், வடக்கில் காணி பறிபோகும் என்ற பயம் இருந்தது. 2007இல் உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தபோது இந்தப் பயம்தான் பெரிய பேச்சு. தவணை தவணையாகக் காசு, வீட்டைக் குடும்பமே கட்ட வேண்டும். இங்கே வீடு எடுத்தால் அங்கே உரிமை போகாது என்று விளக்கினார்கள். பலர் கட்டினார்கள். உம்மாவும் கட்டினா. உம்மம்மா அத்திவாரம் வெட்டிய அன்றைக்கு அந்தப் பக்கம் வரவே இல்லை.

2009இல் போர் முடிந்தது. உம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, நடுவீட்டில் ஒரு மரம். எங்களுக்குப் பரவாயில்லை, வேறு யாரும் இருக்கவில்லை. மற்றவர்களுக்கு வேறு பிரச்சினை. பத்து வருஷம் ஒருவர் தடையின்றி ஆண்டால் காணி அவருக்கே என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். துரத்தப்பட்டவர் எப்படித் தடை சொல்லுவார்? 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களால் போக முடியாமல் இருந்த காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2016இல்தான் 5ஆம் இலக்கச் சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம். ஏழு வருஷம் முந்தி வந்திருக்கலாம்.

வாக்கும் இப்படித்தான். புத்தளத்தில் வீடு, மன்னாரில் வாக்கு என்று எத்தனையோ குடும்பங்கள். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போனவர்களின் பஸ்களைத் தந்திரிமலையில் சுட்டார்கள். வாக்கை இங்கே மாற்றினால் என்ன என்று சுலபமாகக் கேட்கிறவர்கள் உண்டு. மாற்றினால் மன்னாரில் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

திரும்பிப் போகாதவர்களைக் குறை சொல்லுவதும் சரியில்ல. 1990இல் ஒரு வீட்டிலிருந்து வெளியேறியது ஒரு குடும்பம். இப்போது உம்மம்மாவின் பிள்ளைகள் ஐந்து குடும்பம். உறுதி ஒன்று, காணி இரண்டு பரப்பு. யாருக்கு எழுதுவது?

இப்போது என் கலியாணப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கற்பிட்டிப் பக்கம். வீடு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். உம்மா தில்லையடி வீட்டைச் சொன்னா. அதற்கு ஒழுங்கான உறுதி இல்லை. உம்மம்மா உள்ளே போய்ப் பொலித்தீன் பையை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தா. அந்த உறுதிக்கு வீடு இல்லை. வந்தவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். பதில் இன்னும் வரவில்லை.