தேனி டு ஆண்டிபட்டி - காற்றில் ஒரு பாலம்

மாடி ரூமில் இருக்கிற டெஸ்க்டாப்புக்குக் கீழேயிருந்து கேபிள் இழுக்க முடியலை, நெட் வேகமா வர என்ன பண்ணலாம்னு கேட்டா, நம்ம பொட்டி தட்டற ஆளுங்க பாதி பேர் ஒரே பதிலைத்தான் சொல்லுவாங்க. இன்னொரு ரவுட்டரை வாங்கி பிரிட்ஜ் மோடில் போடு, அதிலிருந்து ஒரு சின்ன கேபிளைக் கம்ப்யூட்டரில் சொருகு. முடிஞ்சது. நடுவில் வயர்லெஸ்னு ஒண்ணு இருக்கிறதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கேபினட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற யூ.எஸ்.பி. குச்சியை விட, ஜன்னலோரம் ஆன்டெனாவோடு நிக்கிற பெட்டிக்கு சிக்னல் நல்லாவே கிடைக்கும்.

இதுக்குச் செய்முறை விளக்கம் எழுத நான் வரலை மக்களே. இதே வித்தையை மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவில் இல்லாம, தேனி ஜில்லாவில் 15 கி.மீ. தூரத்துக்குச் செஞ்ச கதை ஒண்ணு இருக்கு. நம்ம ஊரில் நடந்தது, நம்ம பயலுகளுக்கே அவ்வளவா தெரியாது.

அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவங்க கம்மி. 1976ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பிச்சது. ஆபரேஷன் பண்றதில் அவங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை, ஆபரேஷன் தேவைப்படற ஆளு ஆஸ்பத்திரி வரைக்கும் வர்றதுதான். கண்ணு மங்கினா வயசாயிடுச்சுன்னு விட்டுடறாங்க. போய்க் காட்டலாம்னு நெனச்சாலும் ஒரு நாள் கூலி போச்சு, கூட வர்றவங்க கூலியும் போச்சு, பஸ் செலவு வேற. அதனால சின்ன ஊர்களில் 'விஷன் சென்டர்' வச்சாங்க. அரவிந்திலேயே பயிற்சி எடுத்த பொண்ணு ஒருத்தர் கண்ணைப் பரிசோதிப்பார். டாக்டர் தேனியில் உட்கார்ந்துகிட்டு வீடியோவில் நோயாளிகிட்டயே பேசி, ஆபரேஷன் வேணுமா, சொட்டு மருந்து போதுமா, கண்ணாடி போதுமான்னு சொல்லணும். யோசனை பிரமாதம். வீடியோ போற அளவுக்கு லைன் எங்கே?

இதுக்கு முன்னாடி மேலூர்ப் பக்கம் ஒரு முயற்சி நடந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கின கார்டெக்ட் வயர்லெஸ் போனை வச்சு, 2000களின் ஆரம்பத்தில் கிராமக் கியாஸ்க்குகளுக்கு இணைய இணைப்பு கொடுத்தாங்க. வெப்கேமில் கண்ணைப் படம் பிடிச்சு அரவிந்துக்கு மெயில் அனுப்பினாங்க. வேகம் நொடிக்கு 35 கிலோபிட், ரொம்பப் போனா 70. கணக்குப் போட்டா 100 கே.பி. படம் ஒண்ணு போய்ச் சேர 25 செகண்டுக்குப் பக்கம். படம் அனுப்பலாம், தப்பில்லை. ஆனா டாக்டர் பாட்டிகிட்ட 'மேலே பாருங்கம்மா, எத்தனை நாளா இருக்கு?'ன்னு கேட்க முடியாது.

இங்கேதான் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டியர் குழு உள்ளே வருது. தலைவர் எரிக் ப்ரூவர். டேட்டாபேஸ் ஆசாமிகளுக்கு கேப் தேற்றம்னா உடனே ஆள் தெரியும், அவரேதான். கூட ராபின் பட்ரா, சோனேஷ் சுரானா மாதிரி ஆராய்ச்சி மாணவர்கள். அவங்க வாதம் ரொம்ப எளிமை: வை-ஃபி சில்லு உலகம் பூரா கோடிக்கணக்கில் விக்கிறதால சல்லிசு, அதை வச்சே ஊருக்கு ஊர் பாலம் போடலாம். நேரமும் கூடி வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் திறந்தவெளியில் லைசென்ஸ் இல்லாமப் பயன்படுத்தலாம்னு இந்திய அரசு 2005 ஜனவரியில்தான் விதி போட்டது.

தேனி ஆஸ்பத்திரியைச் சுத்தி அஞ்சு சென்டர். ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம், அப்புறம் அம்பாசமுத்திரம் (திருநெல்வேலிக்காரங்க சண்டைக்கு வராதீங்க, தேனிப் பக்கமும் ஒண்ணு இருக்கு :-)). மொத்தம் 11 ரவுட்டர், 9 லிங்க். தூரம் 1 கி.மீ.யிலிருந்து 15 கி.மீ. வரைக்கும். ஆறு ரவுட்டர் 24 முதல் 42 மீட்டர் உயர டவர்களில் ஏறிச்சு. மத்ததெல்லாம் மொட்டைமாடிக் கம்பத்தில். ஒண்ணு மட்டும் டெக்ஸ்டைல் மில் வளாகத்தில் இருந்த மின்நிலையப் புகைபோக்கியில்! டவர் கட்டறதுதான் இந்த மாதிரி திட்டங்களில் பணத்தை முழுங்கற ஐட்டம், ஓசியில் ஒரு புகைபோக்கி கிடைச்சா விடுவானேன். ஒவ்வொரு சென்டரிலும் மேலே ரவுட்டர், கீழே கேபிளில் சாதா கம்ப்யூட்டர். (நுணுக்கமாப் பாத்தா அது ரவுட்டர்தானே, பிரிட்ஜ் இல்லையேன்னு ஒருத்தர் கிளம்புவீங்க. சரிதான் சாமி. கேபிள் முனையில் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.)

சிக்னல் 15 கி.மீ. போகுமா? நேர்ப்பார்வையும் கிண்ணி மாதிரி ஆன்டெனாவும் இருந்தா தாராளமாப் போகும். சிக்கல் வை-ஃபியின் சுபாவத்தில்! வீட்டுக்குள்ள ஓடறதுக்காக எழுதின நெறிமுறை அது. ஒரு பாக்கெட் அனுப்பிட்டு 'கிடைச்சுது'ன்னு பதில் வரக் காத்திருக்கும். குறிச்ச நேரத்துக்குள் வரலைன்னா தொலைஞ்சதா நெனச்சு மறுபடி அனுப்பும். ரேடியோ அலை 15 கி.மீ. போய் வர 100 மைக்ரோசெகண்டு ஆகும். 802.11பி-யில் ஒரு ஸ்லாட்டே 20 மைக்ரோசெகண்டுதான். பதில் பத்திரமா வந்துட்டிருக்கும்போதே இவன் அதே பாக்கெட்டைத் திரும்ப அனுப்பிட்டிருப்பான். வெளிப்புற ரவுட்டர்களில் 'தூரம் எத்தனை மீட்டர்'னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அது இந்தக் காத்திருக்கும் நேரத்தை மாத்தத்தான்.

அதை மாத்தினாலும் பாதிக் கிணறுதான். வை-ஃபி பேசறதுக்கு முன்னாடி யாராவது பேசறாங்களான்னு காது கொடுத்துக் கேட்கும். எதிர்முனை பேச ஆரம்பிச்சது இங்கே வந்து சேரவே 50 மைக்ரோசெகண்டு ஆகுதுன்னா, காது கொடுத்து என்ன புண்ணியம்? ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்குவாங்க. வீடியோ கான்ஃபரன்ஸில் ரெண்டு பக்கமும் ஓயாம டேட்டா போறதால் மோதலுக்குப் பஞ்சமே இல்லை.

இதில் முதலில் கைவச்சது கான்பூர் ஐ.ஐ.டி. அங்கே பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு குழுவினர் 'டிஜிட்டல் கேஞ்செடிக் ப்ளெயின்ஸ்' திட்டத்தில் 35 கி.மீ.க்கும் மேலேயே லிங்க் போட்டுப் பாத்தாங்க. ஒரே டவரில் ரெண்டு திசைக்கு ரெண்டு ஆன்டெனா இருந்தா, ஒண்ணு அனுப்பும்போது பக்கத்தில் இருக்கிறது கேட்கவே முடியாதுன்னு கண்டாங்க. கல்யாண மண்டப ஸ்பீக்கர் பக்கத்தில் நின்னு செல்போன் பேசற கதை. தீர்வு, ஒரு டவரில் இருக்கிற எல்லா ரேடியோவும் சேர்ந்து பேசணும், அப்புறம் சேர்ந்து கேட்கணும். 2005ல் '2பி'ங்கிற பேரில் இதை வெளியிட்டாங்க. என்னைக் கேட்டா இந்தக் கதையின் நிஜ ஹீரோ இந்த யோசனைதான், ஆனா பேரு என்னவோ பெர்க்லிக்குப் போயிடுச்சு.

பெர்க்லி குழு அதுக்கு மேலே கட்டினதுதான் 2007ல் வந்த வைல்ட்நெட். பாக்கெட்டுக்கு ஒரு பதில்ங்கிறதை நிறுத்து, மொத்தமா ஒரே பதில் அனுப்பு. காது கொடுத்துக் கேட்கிறதையும் நிறுத்து, முறை வச்சுப் பேசு. வாய்க்கால் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரியேதான். கார்டு அதே சல்லிசு வை-ஃபி கார்டு, மாறினது மென்பொருள் மட்டும். சாதா வை-ஃபியை எவ்வளவு முறுக்கினாலும் கிடைச்ச வேகத்தைப் போல 2 முதல் 5 மடங்கு. அதே வருஷம் வெனிசுவேலாவில் எர்மானோ பியட்ரோசெமோலி 382 கி.மீ. லிங்க் போட்டப்போ, இவங்க மென்பொருள் பக்கத்துக்கு 3 மெகாபிட் கொடுத்தது.

இத்தோட சுபம் போட்டிருந்தா நானும் எழுதியிருக்க மாட்டேன். தேனியில் பாலத்தை அடிக்கடி படுக்க வச்சது நெறிமுறை இல்லை, கரண்டு! கிராமத்து லைனில் மின்னழுத்தம் சில சமயம் ஆயிரம் வோல்ட் அளவுக்கு எகிறினதை அளந்து பார்த்து எழுதியிருக்காங்க. அடாப்டர்கள் புகைஞ்சுது. அதை விடக் கொடுமை வோல்டேஜ் குறையறது. ரவுட்டர் சாகவும் சாகாது, ஓடவும் ஓடாது, தொங்கிட்டு நிக்கும். பாதியில் கரண்டு போனா மெமரி கார்டு கெடும். சென்டரில் இருக்கிற பொண்ணுக்குத் தெரியறதெல்லாம் 'நெட் வரலை'ங்கிறது மட்டும். பெர்க்லியில் இருக்கிறவன் உள்ளே போய்ப் பார்க்கலாம்னா, போற வழியே அறுந்து போன அந்த லிங்க்தான்.

அதனால அடுத்த வேலையெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அழகில்லாத வேலை. வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனா சுத்தமாத் துண்டிச்சு, சரியானதும் திரும்பப் போடற சர்க்யூட். சொந்தமா வடிவமைச்ச சோலார் கன்ட்ரோலர். மெமரி கார்டில் எழுதாம படிக்க மட்டும் செய்யற சிஸ்டம். நெட்வொர்க் படுத்தாலும் எட்டிப் பார்க்க செல்போன் வழியா ஒரு கொல்லைப்புற வாசல். கூடவே அரவிந்த் ஆளுங்களுக்கே கத்துக்கொடுத்து, அவங்களே பார்த்துக்கிற நிலைக்குக் கொண்டுவந்தாங்க.

2008ல் இந்தக் கூத்தையெல்லாம் 'பியாண்ட் பைலட்ஸ்'னு ஒரு கட்டுரையா எழுதினாங்க. அதுக்குள்ள மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இதே அமைப்பு போயாச்சு. மாசத்துக்கு 3000 பேர் தங்கள் ஊர்ப்பக்கமே ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து, டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டிட்டு இருந்தாங்க.