நாய்க்கூண்டைத் தூக்கின கதை

ராஜா பாட்டுல பேஸ் கிட்டார் எங்கே வளையுது, எங்கே குதிக்குதுன்னு பதிவு பதிவா எழுதித் தள்ளின கூட்டம் நாம. ஆனா அந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது, மேடையில் அதை வாசிக்கிறவன் படற பாடு என்னன்னு எழுதின பதிவு என் கண்ணில் அதிகம் படலை. வாரநாட்களில் சாஃப்ட்வேர், வாரக்கடைசியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் என்கிற தகுதியில்(!) நானே எழுதிடறேன்.

பேஸ் வாசிக்கிறவனுக்குப் பிரச்சினை ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, வாசிக்கிறது மத்தவங்களுக்குக் கேட்கணும். ரெண்டு, சாமானைத் தூக்கிக்கிட்டுப் போகணும். ஒண்ணைத் தீர்த்தா இன்னொண்ணு பெரிசாகும். பேஸோட மொத்த வரலாறும் இந்த இழுபறிதான். இன்னிக்கு புதுசா மேடை ஏறுறவனுக்கு நாம சொல்ற ஒவ்வொரு அட்வைஸுக்குப் பின்னாடியும் எவனோ ஒருத்தன் பட்ட அவஸ்தை இருக்கு.

1930கள், 40களில் அமெரிக்க ஸ்விங் பேண்டுகளில் பேஸ்னா டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிக்கிற பெரிய வயலின் மாதிரி இருக்கும். வாசிக்கிறவங்களே அதுக்கு வெச்ச பட்டப்பேர் 'நாய்க்கூண்டு'. பக்கத்தில் ட்ரம்பெட், சாக்ஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது இவர் விரல் ஓடறது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது.

காரணம் நம்ம காதுதான். பேஸோட தடிச்ச கம்பியைச் சும்மா மீட்டினா வர்ற ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே நம்ம காது ரொம்ப மந்தம். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து காட்டிட்டாங்க. நடு ஸ்தாயியில் பாடறவர் அளவுக்கு பேஸ் கேட்கணும்னா அதைவிடப் பல மடங்கு சக்தி வேணும்.

இதுக்கு வழி தேடினவங்க பல பேர். சியாட்டிலில் பால் டட்மார்க் 1930களின் நடுவில் 'ஆடியோவாக்ஸ் 736'னு ஒண்ணு செஞ்சார். கிட்டார் மாதிரி படுக்கவெச்சு வாசிக்கிற, ஃப்ரெட் வெச்ச மின்சார பேஸ். எல்லாமே சரியா இருந்தும் விலை போகலை. எவரெட் ஹல் என்கிற பேஸிஸ்ட் வேற வழியில் போனார். டபுள் பேஸைத் தரையில் ஊன்ற முளைக்குள்ளே ஒரு மைக்கை வெச்சார். ஒலி பெருக்கப்பட்ட முளை, 'ஆம்ப்ளிஃபைட் பெக்'. அதைச் சுருக்கி 'ஆம்பெக்'. அந்தக் கம்பெனி பேர் பின்னாடி திரும்ப வரும், ஞாபகம் வெச்சுக்குங்க.

1951ல் வந்தார் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். படிச்சது கணக்கு, கிட்டார் வாசிக்கவே தெரியாது. ஆனா கடைக்கு வர்ற இசைக்காரங்க புலம்பலைக் காது கொடுத்துக் கேட்பார். (நம்ம தொழிலில் இதுக்குத்தான் ரெக்வயர்மென்ட் அனாலிசிஸ்னு பேர் :-)) நாய்க்கூண்டில் 41, 42 அங்குலம் இருந்த கம்பி நீளத்தை 34 அங்குலமாக் குறைச்சு, பலகையில் ஃப்ரெட் அடிச்சு, தோளில் மாட்டற மாதிரி ஒண்ணு செஞ்சார். ஃப்ரெட் இருந்தா விரல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சுருதி பிசகாது. அதனால் 'ப்ரிசிஷன் பேஸ்'. இன்னிக்கு வரைக்கும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு அந்த 34 அங்குலம்தான் கணக்கு.

ஃப்ரெட்டால் இன்னொரு பலனும் கிடைச்சது. கிட்டார் தெரிஞ்ச யாரும் பேஸுக்குத் தாவலாம். 1963ல் ஹாலிவுட்டில் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸிஸ்ட் வரலை. கிட்டார் வாசிக்க வந்திருந்த கேரல் கே என்கிற அம்மணி பேஸைக் கையில் எடுத்தாங்க. அப்புறம் அமெரிக்க ரெக்கார்டிங் உலகத்திலேயே அதிகம் கூப்பிடப்பட்ட பேஸிஸ்டுகளில் ஒருத்தர் ஆனாங்க.

பேஸுக்குன்னு 1952ல் ஃபெண்டர் 'பேஸ்மேன்' ஆம்ப் கொண்டுவந்தார். அதில் நடந்த கூத்து தெரியுமா? 1950களின் பிற்பாதியில் வந்த நாலு ஸ்பீக்கர் பேஸ்மேனைக் கிட்டார்காரங்க தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. 1962ல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் செஞ்ச முதல் ஆம்பும் அதே சர்க்யூட்டைப் பார்த்துச் செஞ்சதுதான். ராக் கிட்டாரோட கர்ஜனைக்கு மூலம் ஒரு பேஸ் ஆம்ப்!

இதுக்கு நடுவில் 1960ல் ஆம்பெக் 'பி-15' கொண்டுவந்தது. 25 வாட், ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். ஆம்பைத் தலைகீழாத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே மூடிக்கலாம். சின்ன கிளப்புக்கு, ரெக்கார்டிங்குக்கு இது போதும். ஸ்டேடியத்துக்கு? 1965ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசிச்சப்போ வந்த கூட்டம் 55 ஆயிரத்துக்கு மேல. மேடையில் இருந்ததோ 100 வாட் ஆம்ப்கள். கூச்சல்ல தாங்க வாசிக்கிறது தங்களுக்கே கேட்கலைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

அதுக்குப் பதில்தான் 1969ல் வந்த ஆம்பெக் 'எஸ்.வி.டி.' 300 வாட், 14 வால்வு, ஒவ்வொரு பெட்டியிலும் எட்டு ஸ்பீக்கர். அந்த வருஷ அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் இதைத்தான் பயன்படுத்தினாங்க. பேஸ் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. ஆனா ஆம்ப் மட்டுமே சுமார் 40 கிலோ, ஸ்பீக்கர் பெட்டி தனி. நாய்க்கூண்டிலிருந்து தப்பிச்சவன் பீரோவில் மாட்டிக்கிட்டான்.

சுமையைக் குறைச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு, பேஸை நேரா மிக்ஸருக்கு அனுப்பற டி.ஐ. பாக்ஸ். மண்டபத்துக்கு சத்தம் கொடுக்கிற வேலை பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போயிடுச்சு, நம்ம ஆம்ப் நமக்குக் கேட்டா போதும். ரெண்டு, 'கிளாஸ் டி' ஆம்பும் நியோடிமியம் காந்த ஸ்பீக்கரும். இன்னிக்கு 500 வாட் ஆம்ப் மூணு கிலோவுக்குள்ளே, தோள்பையில் போட்டுக்கிட்டு பஸ்ஸில் போகிற சைஸில் கிடைக்குது.

சத்தம் கிடைச்சாச்சு, சுமை போயாச்சு. அப்போ நல்லா வாசிக்க என்ன வேணும்? இங்கேதான் நம்ம ஹீரோ ஜேம்ஸ் ஜேமர்சன். 1960களில் டெட்ராயிட்டின் மோடவுன் கம்பெனி வெளியிட்ட ஹிட் பாட்டுகளில் முக்கால்வாசிக்கு பேஸ் இவர்தான். டபுள் பேஸில் ஆரம்பிச்சவர். கையில் ஒரே ஒரு 1962 ப்ரிசிஷன் பேஸ். தட்டையாச் சுத்தின கம்பி, அறுந்தாலொழிய மாத்த மாட்டார். பாலத்துக்கிட்டே ஒரு துண்டு ஃபோம். வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும். ரெக்கார்டிங்கில் பெரும்பாலும் ஆம்ப் கூடக் கிடையாது, நேரா மிக்ஸர்தான். இவ்வளவுதான் மொத்த சாமான்!

இதுக்கு நேர் எதிர் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில். அவருக்கு கம்பி பியானோ மாதிரி கணீர்னு கேட்கணும். 1965ல் 'மை ஜெனரேஷன்' பாட்டின் பேஸ் சோலோவுக்காக டேன்எலக்ட்ரோ பேஸ் ஒண்ணு வாங்கினார். கம்பி அறுந்துச்சு. மாத்துக் கம்பி இங்கிலாந்தில் கிடைக்கலை. கம்பிக்காக இன்னொரு பேஸே வாங்கினார், அதுவும் அறுந்துச்சு. மூணாவதும் அதே கதி. கடைசியில் வேற பேஸில் வாசிச்சு முடிச்சதா அவரே சொல்லியிருக்கார். அடுத்த வருஷம் ரோட்டோசவுண்ட் கம்பெனியோட உட்கார்ந்து தனக்கேத்த கம்பியை உருவாக்கிட்டார்.

பழசாகி மழுங்கின கம்பி ஒருத்தருக்கு, பளபளன்னு புதுக்கம்பி இன்னொருத்தருக்கு. ரெண்டு பேருமே ஜாம்பவான்கள். முக்கியம் சாமான் இல்லை, தன் பாட்டுக்கு என்ன சத்தம் வேணும்ங்கிற தெளிவு.

இந்த வரலாற்றிலிருந்து மேடை ஏறுறவங்களுக்கு நான் எடுத்து வெச்சிருக்கிற குறிப்புகள்:

1. மண்டபத்தில் கேட்கலைன்னா பேஸ் திருகை ஏத்தாதீங்க. 41 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 8 மீட்டருக்கு மேல. மூலையில், சுவரோரம் அது தேங்கி 'கும்'முனு இரைச்சலாத்தான் வரும். ஆம்பை மூலையிலிருந்து தள்ளி வெச்சு, மிட் கொஞ்சம் ஏத்துங்க. காது பிடிக்கிறது அங்கேதான்.

2. மிக்ஸர் பக்கம் டி.ஐ. இருக்கான்னு விசாரிக்கறதைவிட சொந்தமா ஒண்ணு பையில் வெச்சுக்கறது உத்தமம்.

3. 'ஹம்' சத்தம் வந்தா பிக்கப்பைப் பாருங்க. ரெண்டாப் பிரிஞ்ச பிக்கப் 1957ல் ப்ரிசிஷனுக்கு வந்தது, அதுவே ஹம்மை அடக்கிடும். ஜாஸ் பேஸ்னா ரெண்டு வால்யூமையும் முழுசா வைங்க. அப்பவும் போகலைன்னா டி.ஐ.யில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்க.

4. ஹம் போகணும்னு பிளக்கோட எர்த்தை மட்டும் எந்தக் காலத்திலும் கழட்டாதீங்க. 1972ல் வேல்ஸில் ஸ்வான்சீ ஊர் மேடையில், 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் லெஸ் ஹார்வி கையில் கிட்டாரோட, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். அங்கேயே உயிர் போயிடுச்சு. சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் ஒரே ஒயரில் ஓடற நம்ம ஊர் பந்தலில் இதை மறக்கவே கூடாது.

5. மாத்துக் கம்பி ஒரு செட், மாத்து கேபிள் ஒண்ணு. என்ட்விசில் மாதிரி மூணு பேஸ் வாங்க நம்மகிட்ட காசில்லை.

6. பேஸைக் கண் பார்வையிலேயே வைங்க. மெக்கார்ட்னியின் முதல் ஹாஃப்னர் பேஸ் 1972ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போய், திரும்பக் கிடைச்ச செய்தி வர 2024 ஆச்சு. ஜேகோ பாஸ்டோரியஸின் ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸ் 1986ல் போச்சு, அடுத்த வருஷம் அவரும் போயிட்டார். பேஸ் கிடைச்சது ரொம்ப வருஷம் கழிச்சுத்தான்.

ஜேமர்சனின் அந்த 1962 பேஸும், அவர் 1983ல் 47 வயசில் சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி திருடு போச்சு. அது இன்னும் கிடைக்கலை. எனக்கு அதைவிட வருத்தம் வேற. அத்தனை ஹிட்டுக்கும் பேஸ் வாசிச்சவரோட பேர் மோடவுன் இசைத்தட்டு உறையில் அச்சானது 1971ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான். அதுவரைக்கும் உலகமே ஆடிச்சு, யார் ஆட்டிவெச்சதுன்னு உலகத்துக்குத் தெரியாது.

நம்ம ஊரிலும் கேசட் உறையில் பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பேரோட சரி. வாத்தியக்காரங்க பேரை வரிசையாப் போடற வழக்கம் ரஹ்மான் ஆல்பங்கள் வந்த பிறகுதான் கண்ணில் பட ஆரம்பிச்சது. பேஸ் கேட்க 60 வருஷத்தில் 25 வாட்லேருந்து 500 வாட் வரைக்கும் செஞ்சாச்சு. வாசிக்கிறவர் பேர் கேட்க வாட்டே தேவையில்லை, ஒரு மைக் போதும். கச்சேரி நடத்தற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, முடிவில் நன்றி சொல்லும்போது டிரம்ஸ் பக்கத்தில் ஒதுங்கி நிக்கிற அந்த ஆள் பேரையும் ஒரு தடவை சொல்லிடுங்க.

டிஸ்கி: இதில் சுயநலம் எதுவும் இல்லைன்னு நான் சொல்ல வரலை ;-)